மின்வாசிப்பானும் புத்தக அலமாரியும்: கேள்வி பதில்

கே: வீட்டில் 600 புத்தகம் இருக்கிறது. மின்வாசிப்பான் (மின்னூல் படிக்கும் கருவி) வாங்கினால் அவற்றைத் தொடாமல் போய்விடுவேனோ?

ப: மாட்டீர்கள், வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுத்தால். முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடியும் நாவல், சிறுகதை, தன்வரலாறு எல்லாம் கருவிக்கு. முன்னும் பின்னும் புரட்ட வேண்டியவை காகிதத்துக்கு. உரையோடு செய்யுள் படிக்கும்போது எனக்கு ஒரு விரல் மூலத்தில், ஒரு விரல் உரையில், பென்சில் காதோரம். அந்த இடத்தில் கருவி திணறும். வரைபடம், ஓவியம் உள்ள நூல்களும் அப்படியே. ஆனால் 'இந்தச் சொல்லை முன்பு எங்கேயோ பார்த்தேனே' என்று தேடும்போது காகிதம் தோற்றுவிடும். அதனால் ஏழெட்டு நூல்கள் என்னிடம் இரண்டு வடிவிலும் உண்டு. ஆயிரம் பக்க நாவலை மல்லாந்து படுத்துப் படித்து மூக்கில் போட்டுக்கொண்ட பிறகு தடித்த நாவல்களையெல்லாம் கருவிக்கே மாற்றிவிட்டேன்.

கே: கண் வலிக்காதா?

ப: போன் திரை நேராகக் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சும். மின்வாசிப்பானின் இ-இங்க் (மின்மை) திரையில் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. அறை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதைத்தான் பார்க்கிறோம், காகிதத்தில் போலவே. விளக்குள்ள கருவியிலும் ஒளி திரையின் மேல் விழுந்துதான் வரும். பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் கேட்கும். சார்ஜ் வாரக்கணக்கில் நிற்பது அதனால்தான்.

கே: பையில் நாலு புத்தகத்தோடு சேர்த்து வைக்கலாமா?

ப: கூடவே கூடாது. என் முதல் கருவியைக் கொன்றது ஒரு கெட்டி அட்டையின் மூலை. வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே கண்ணாடி விரிசல் விட்டு, மேல்பாதியில் முந்தைய பக்கம் அப்படியே உறைந்துபோனது, கீழ்ப்பாதி முழுக்கக் கோடு. பையில் தனி அறை, கருவிக்குக் கெட்டி உறை. இரண்டும் வேண்டும்.

கே: பழைய தமிழ் பிடிஎஃப் சரியாகவே தெரிவதில்லை.

ப: பொடியாகத் தெரிகிறதா, கிறுக்கலாகத் தெரிகிறதா? பொடி என்றால் பிடிஎஃப்பின் குணமே அது. பக்க அளவு மாறாது, ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பாக ஊரும். கிறுக்கல் என்றால் திஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்ததாக இருக்கும். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் உள்ள பிரதியை எடுத்து, திரைக்கேற்ப எழுத்து மாறும் இபப் வடிவில் ஆக்குங்கள், காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும். பழைய இலக்கியம் என்றால் முதலில் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் தேடுங்கள், இலவசம்.

கே: காசு கொடுத்து வாங்கிய மின்னூல் என்னுடையதுதானே?

ப: பெரும்பாலும் இல்லை. வாங்கியது படிக்கும் உரிமம். 2009இல், விற்றவரிடம் வெளியிடும் உரிமை இல்லை என்று ஜார்ஜ் ஆர்வெல் நாவல்கள் இரண்டை அமேசான், வாசகர்களிடம் இருந்த தன் கிண்டில் மின்வாசிப்பான்களிலிருந்தே அழித்தது. பணம் திரும்பியது, ஆனால் குறிப்பு எடுத்து வைத்திருந்த ஒரு மாணவர் வழக்குப் போட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் பணம்தான் வந்தது, நூல்கள் போயின.

கே: அப்படியானால் காகிதம் பத்திரமோ? தாத்தாவின் பெட்டியைக் கரையான் தின்றபோது எங்களுக்கு யாரும் பணம் திருப்பித் தரவில்லை.

ப: சரியான அடி! ஆனால் கரையானோடு நான் சண்டை போடலாம். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தலாம், ஈரத்தை விரட்டலாம். கடைக்காரர் சர்வரோடு என்ன சண்டை போடுவது?

கே: (அவரே) மின்னூலை நாலு இடத்தில் நகல் எடுத்து வைக்கலாமே. காகிதத்தை?

ப: ஒத்துக்கொள்கிறேன், பூட்டில்லாத (நகல் எடுக்கத் தடை போடாத) மின்னூல் என்றால் மட்டும். வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியே ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் அமேசான் எடுத்துவிட்டது. பூட்டில்லாமல் விற்பவர்களிடம் வாங்குங்கள், அன்றைக்கே நகல் எடுங்கள்.

கே: (மறுபடி அவரே) காகிதத்தை இரவலாவது கொடுக்கலாம் என்பீர்கள்.

ப: என்னிடம் இரவல் போனவை திரும்பியதில்லை. அதையும் உங்கள் கரையான் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: இரவில் படித்தால் கண்ணுக்கு...

ப: மேலே இருக்கிறது.

கே: புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு என்ன மருந்து?

ப: ஈரம் இல்லாத இடம். மற்றதை நூலகப் பராமரிப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள், என் துறை அல்ல.

கே: கருவியை ஆறு மாதம் தொடவில்லை. இப்போது உயிரே வரவில்லை.

ப: பேட்டரி முழுக்க வடிந்திருக்கும். சில மணி நேரம் சார்ஜில் விட்டுப் பாருங்கள். இனி பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

கே: வெளிச்சம் குறைத்தாலும் கண்...

ப: மேலே!

கே: பையில் புத்தகத்தோடு வைத்திருந்தேன், திரை போய்விட்டது. மாற்ற முடியுமா?

ப: இந்தக் கருவியில் திரைதான் பெரும்பகுதி, புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். கூட இருந்த புத்தகம் எது? அதற்கு ஒன்றும் ஆகவில்லையே?