கதவடித் துருவுக்கு முதலில் வாங்க வேண்டியவை

உறவே, கிளிநொச்சியில் நிற்கும் உங்கள் பழைய காரின் கதவடியில் பெயின்ட் கொப்பளித்திருப்பதாகவும் பெயின்ட் அடிக்கக் கம்பிரசர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கம்பிரசர் வேண்டாம், ஒரு கதவுக்கு ஸ்பிரே டின் போதும். காசைக் கிரைண்டருக்கும் கம்பித் தூரிகைச் சில்லுக்கும் போடுங்கள். துரு போய்ப் பளபளக்கும் வெறுந்தகரம் தெரியும்வரை சுரண்டுங்கள். துருவின் கரும்புள்ளி ஒன்று எஞ்சினாலும் அடுத்த மாரியில் திரும்பக் கொப்பளிக்கும். ஓட்டை விழுந்தால் பள்ளம் நிரப்பும் பசையான புட்டியால் அடைக்காதீர்கள், தகரம் வைத்து வெல்டிங் செய்வியுங்கள்.

சிறு பள்ளங்களில் பூசிய புட்டியைத் தேய்க்க 80, 180, 320 இலக்க அரத்தாள்கள் வாங்குங்கள். மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள்; விரலால் தேய்த்தால் பள்ளம் விழும்.

சோளகக் காற்றில் நம் செம்மண் தூசு ஈரப் பெயின்டில் அப்பிவிடும். காலையில் பனி காய்ந்ததும், காற்று எழுமுன், முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள்.

இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் பெயின்டை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.