சிம்னி குழாய்க்குச் சுவரில் 6 அங்குலத் துளை: வீட்டு டிரில் மெஷினும் ஒரு கோர் பிட்டும் போதுமா?

உங்கள் சுவர் 9 அங்குலச் செங்கல், கையில் இருப்பது 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) வைத்த 600 வாட் டிரில், கோர் பிட் (சுவரை வட்டமாக அறுக்கும் குழல் வடிவ பிட்) மட்டும் ஆன்லைனில் வாங்கினால் வேலை முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. வீடுகளுக்கு ஏசி, சிம்னி, பிளம்பிங் வேலை எடுத்துச் செய்பவன் என்பதால், ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சின்ன டிரில் மெஷின் நிமிடத்துக்கு 2,800 சுற்று வரை போகும். 6 மி.மீ. பிட்டுக்கு அது சரி. 150 மி.மீ. பிட்டில் விளிம்பு ஒரு சுற்றுக்கே 47 செ.மீ. ஓடுகிறது, அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் நொடிக்கு 22 மீட்டர். இந்த அளவு பிட்டைச் சுற்றும் கோர் மெஷின்கள் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுதான் போகும். வேகத்தைக் குறைத்து, பலத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். உங்கள் மெஷினில் டிரிகரை லேசாக அழுத்தி வேகத்தைக் குறைக்கலாமே என்றால், அப்போது இழுவை இருக்காது, மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) சூடாகிப் புகை வந்துவிடும். அதைவிட முக்கியம் கிளட்ச். பிட் ஒரு கல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் மெஷின் சுற்ற ஆரம்பிக்கும். கோர் மெஷினில் கிளட்ச் வழுக்கிக் கொடுக்கும். சாதா டிரில்லில் அந்த முறுக்கு நேராக மணிக்கட்டுக்கு வரும். ஏணியில் நின்றுகொண்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

பிட்டிலும் இரண்டு சாதி உண்டு. கார்பைடு பல் வைத்தது சுத்தியல் அடியோடு சுற்றும். ரோட்டரி ஹாமரில் மாட்டி, ஏசி குழாய்க்கு வேண்டிய இரண்டரை அங்குலம் வரை செங்கல் சுவரில் தாராளமாகப் போடலாம். வைரத்துகள் பதித்த பிட் அடிக்கு ஆகாது, சுற்ற மட்டும் வேண்டும். ஹாமர் சுவிட்சை அணைக்காமல் ஓட்டினால் நுனியில் இருக்கும் வைரக் கட்டிகள் பெயர்ந்து வந்துவிடும். 4 அங்குலத்துக்கு மேல் என்றால் வைர பிட்தான் என் தேர்வு. கார்பைடு அடித்து அடித்துப் போகும்போது பூச்சு உதிரும், சுற்றியுள்ள செங்கல்லும் ஆட்டம் காணும். நாலரை அங்குலச் சுவர் என்றால் இன்னும் மோசம்.

கடையில் கேட்க வேண்டியது பிராண்டு இல்லை, அது எதற்கான பிட் என்பது. வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் தேயத் தேயத்தான் உள்ளிருந்து புது வைரம் வெளியே வரும். செங்கல் பொடி உப்புத்தாள் மாதிரி அராவும் என்பதால் செங்கல்லுக்குக் கெட்டியான உலோகம் போட்டிருப்பார்கள். கெட்டிக் கான்கிரீட்டுக்கு அதற்கு நேர்மாறாக, சீக்கிரம் தேயும் மிருதுவான உலோகம். மாற்றி வாங்கிக் கான்கிரீட்டில் ஓட்டினால் நுனி கண்ணாடி போலப் பளபளத்து, சுற்றுமே தவிர அறுக்காது. அப்படி ஆனால் கொஞ்ச நேரம் செங்கல்லிலோ மணற்கல்லிலோ ஓட்டினால் மறுபடி கூர் வரும்.

இவ்வளவையும் ஒரே ஒரு துளைக்காக வாங்குவது வீண் செலவு. ஊரில் கோர் கட்டிங் செய்பவர்கள் இருக்கிறார்கள், கூப்பிடுங்கள். எத்தனை அங்குலத் துளை, எவ்வளவு ஆழம் என்று பார்த்துக் கூலி சொல்வார்கள்; வந்து போவதற்கென்று ஒரு குறைந்தபட்சத் தொகையும் இருக்கும். அதனால் ஏசிக்கோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ துளை தேவைப்பட்டால் அதையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

ஆனால் இடத்தை நீங்களே பார்த்து வைக்க வேண்டும். நம் வீடுகளில் ஜன்னல், கதவுக்கு மேல் 7 அடி உயரத்தில் லிண்டல் (மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டை) ஓடும். பல வீடுகளில் அது ஜன்னலோடு நிற்காமல் சுவர் முழுக்கச் சுற்றி வரும். சிம்னி டக்ட் (புகை போகும் குழாய்) வெளியே போகிற உயரமும் பெரும்பாலும் அதுதான்! குறித்த இடத்தில் முதலில் 6 மி.மீ. பிட்டால் மூன்று நான்கு துளை போட்டுப் பாருங்கள். உங்கள் டிரில் இதற்குப் போதும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். பூச்சைத் தாண்டிய பிறகும் சாம்பல் தூளே வந்து, பிட் நகர மறுத்தால் கான்கிரீட். அங்கே போடாதீர்கள், லிண்டலுக்கு மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். பீம், பில்லர் பக்கமே போக வேண்டாம், யார் எவ்வளவு உறுதி சொன்னாலும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஒயர் ஓடும், அதையும் விட்டுவிடுங்கள்.

அளவு: 6 அங்குல டக்ட்டுக்கு அதே அளவுத் துளை போட்டால் குழாய் நசுங்காமல் உள்ளே போகாது. 162 மி.மீ. பிட் கேளுங்கள். துளை வெளிப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கட்டும். மட்டமாகவோ உள்பக்கம் சரிந்தோ இருந்தால் மழைத்தண்ணீர் சிம்னி மோட்டாருக்கு வந்து சேரும். வெளியே கவுல் (குழாய் வாய்க்கான மூடி) மாட்டியிருந்தாலும் சாரல் அடிக்கும்போது கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும்.

பூச்சோடு சேர்த்தால் உங்கள் சுவர் 10 அங்குலத்துக்குக் குறையாது. பல பிட்டுகளின் உள் ஆழம் 6 அங்குலம்தான். பாதி போனதும் நிறுத்தி, நடுவில் நிற்கும் துண்டை உளியால் உடைத்து எடுத்துவிட்டுத் தொடர்வார்கள். முதலில் நடுவில் நீளமான மெல்லிய பிட்டால் மறுபக்கம் வரை போகும் துளை போட்டு, இரண்டு பக்கமிருந்தும் அறுப்பது இன்னும் நல்லது. ஒரே பக்கமிருந்து தள்ளினால் கடைசி அங்குலத்தில் வெளிப்பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். கீழே ஆள் நடக்கிற சந்து என்றால் ஒருவரை நிறுத்தி வையுங்கள். துண்டு பிட்டுக்குள் சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள், குழல் கோணிவிடும்.

தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு இல்லை, ஆனால் சிவப்புச் சேறு சுவரில் வழிந்து பெயிண்டைக் கறையாக்கும். மேடை, அடுப்பு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். மெஷின் போடும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். உலர்வாக அறுத்தால் என்95 முகக்கவசம் கட்டாயம், கைக்குட்டை எல்லாம் போதாது. அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

ஆள் கிடைக்கவில்லை, நானேதான் செய்வேன் என்றால் ஒரு வழி இருக்கிறது. வட்டம் வரைந்து, கோட்டின் மேலேயே 10 மி.மீ. பிட்டால் நெருக்கமாகச் சுற்றிலும் துளை போட்டு, நடுவை உளியால் மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். முப்பது துளைக்கு மேல் வரும், கை வலிக்கும், ஓரம் கரடுமுரடாக இருக்கும். பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, சுற்றிலும் சிமென்ட் கலவை வைத்துவிட்டால் அது தெரியாது. டக்ட் அந்தத் துண்டுக்குள் போகும்படி குழாய் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டுக் கருங்கல் சுவருக்கு மட்டும் இந்த வழி சரிவராது. அதற்குச் சுவரில் ஸ்டாண்டை முடுக்கி, தண்ணீர் விட்டு அறுக்கும் பெரிய மெஷின்தான் வர வேண்டும்.