கரையோரக் காவலருக்கு அலெக்சாண்ட்ரியா பட்டை எப்படி?

ஹார்விச்சில் கரையோரக் காவலராக இருந்தவரும் எகிப்து பதக்கம் பெற்றவரும் ஒரே ஆளா என்று கேட்டிருந்தீர்கள். முரண்பாடு இல்லை, இருவரும் ஒரே ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1882-இல் உங்கள் முப்பாட்டனார் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் கரையோரக் காவலில் இருந்தார் என்கிறது பதிவேடு. எகிப்துப் போருக்காக பிரிட்டன் தந்த எகிப்து பதக்கத்தின் விளிம்பில் உள்ள எழுத்தோ ‘பெனலோப்பி’ கப்பல் என்கிறது. அதுதானே குழப்பம்?

1856-இல் கரையோரக் காவல் படை பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் கீழ் வந்தது. அதன்பின் அந்தக் காவலர்கள் போருக்கு அழைக்கக்கூடிய சேமப் படை. குடும்பத்தோடு கரையில் வாழ்ந்தாலும், பெயர் ஏறுவது அந்த மாவட்டக் காவல் கப்பலின் ஆள் கணக்கில். ஹார்விச்சில் அந்தக் கப்பல் பெனலோப்பிதான்! 1882-இல் அது மத்தியதரைக் கடலுக்குப் போய், ஜூலை 11 அன்று அலெக்சாண்ட்ரியா கோட்டைகளைச் சுட்ட கப்பல்களில் ஒன்றாக நின்றது.

செய்து பாருங்கள்:

1. லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் (ADM, கடற்படைத் தலைமையக ஆவணங்களின் குறியீடு) 188 வரிசையில் அவருடைய பணிப் பதிவை எடுத்து, பெனலோப்பியில் சேர்ந்த நாளையும் விலகிய நாளையும் பாருங்கள்.

2. ஏடிஎம் 171 பதக்கப் பட்டியலில் அலெக்சாண்ட்ரியா பட்டை (அந்தச் சண்டையில் இருந்ததற்காகப் பதக்க நாடாவில் சேர்க்கும் சிறு உலோகத் துண்டு) அவர் பெயருக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். முடிவு சொல்வது இதுதான். கணக்கில் பெயர் இருந்ததால் மட்டும் கப்பலோடு போனார் என்று ஆகாது.

பதக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பையும் பாருங்கள். பெயர் உள்ள இடம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தால், பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டியிருக்கலாம். தயவுசெய்து பாலிஷ் மட்டும் போடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.