கையில் மை ஒட்டியவர்

கேள்வி: பெஞ்சமின் பிராங்க்ளின் சாதாரண அச்சுத் தொழிலாளியாக இருந்து, பதின்மூன்று நற்பண்புகளைக் கடைப்பிடித்து அமெரிக்க ஜனாதிபதி ஆனார் என்று எங்கள் ஊருக்கு வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் சொன்னார். என் மகன் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். அவனுக்கு பிராங்க்ளினின் சுயசரிதையை வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வாங்கித் தாருங்கள். ஆனால் பேச்சாளர் சொன்னதற்காக வேண்டாம்.

முதலில், பிராங்க்ளின் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்ததே இல்லை. நூறு டாலர் நோட்டில் படம் இருப்பதால் பலருக்கும் வரும் குழப்பம்தான். பென்சில்வேனியா மாநிலத்துக்கு 1785 முதல் மூன்று ஆண்டுகள் தலைவராக இருந்தார், அவ்வளவே.

அடுத்து அந்தப் பதின்மூன்று பண்புகள். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, சின்ன நோட்டில் கட்டம் போட்டு, தவறிய இடத்தில் எல்லாம் கறுப்புப் புள்ளி வைத்தது உண்மை. 'ஒழுங்கு' கடைசிவரை தனக்குக் கைவரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அடக்கத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் ருசியானது: உள்ளே அது வந்ததாகப் பெருமைப்பட முடியாது, வெளித்தோற்றத்தில் நன்றாகவே வந்துவிட்டது என்கிறார். பேச்சாளர் இந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை போலிருக்கிறது.

அவரை உயர்த்தியது அச்சுத் தொழில். பாஸ்டனில் மெழுகுவத்தி, சோப்பு செய்பவரின் மகன். பள்ளிக்கூடம் இரண்டே வருஷம். பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் நடத்திய பத்திரிகைக்குத் தன் பெயரில் எழுதினால் போடமாட்டார் என்று தெரியும். அதனால் 1722ல், பதினாறு வயதுப் பையன், நடுத்தர வயது விதவை ஒருத்தியின் பெயரில் பதினான்கு கடிதங்கள் எழுதினான். ராத்திரியில் அச்சாபீஸ் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவான். அண்ணனும் நண்பர்களும் ரசித்து, யார் எழுதியிருப்பார் என்று அலசும்போது பக்கத்திலேயே நிற்பான்! மறு வருஷம் அண்ணனிடம் அடிபட்டது போதும் என்று பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனான்.

உங்கள் மகனுக்குப் பிடிக்கப்போகும் இடம் ஒன்று உண்டு. சொந்த அச்சகம் தொடங்கிய புதிதில், பெரிய புத்தகம் ஒன்றை நாளுக்கு ஒரு தாள் வீதம் கோத்து முடிப்பதாக வைராக்கியம். ஓர் இரவு வேலை முடிந்தது என்று நிமிர்ந்தபோது பாரம் (கோத்த எழுத்துகளை இறுக்கிப் பூட்டிய சட்டம்) உடைந்து, இரண்டு பக்கத்து எழுத்துகளும் குவியலாகிவிட்டன. ஈய எழுத்துக் காலத்தில் பிரஸ்ஸில் இருந்தவர்களைக் கேளுங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். பிராங்க்ளின் அத்தனையையும் பிரித்து, திரும்பக் கோத்துவிட்டுத்தான் படுத்தார்.

உழைப்பாளிதான். அந்த உழைப்பு ஊர் கண்ணில் படவேண்டும் என்பதிலும் கவனமாக இருந்தார். வாங்கிய காகிதத்தைத் தானே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போனார். கடன் கொடுப்பவர்கள் பார்க்கட்டும் என்றுதான். 1729ல் காகிதப் பணம் நாட்டுக்கு நல்லது என்று ஒரு பிரசுரம் எழுதினார். சட்டசபை ஒப்புக்கொண்டது. நோட்டு அச்சடிக்கும் வேலை யாருக்குப் போனது? அவருக்குத்தான். லாபமான வேலை என்று கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். அப்புறம் 1736ல் சட்டசபை எழுத்தர், மறு வருஷம் ஊர் போஸ்ட்மாஸ்டர். இரண்டுமே அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் தீனி போட்ட பதவிகள். நாற்பத்திரண்டு வயதில் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு விஞ்ஞானம், அரசியல் என்று போக முடிந்தது இப்படித்தான்.

இதையெல்லாம் ஒளிக்கவில்லை என்பதால்தான் அந்தப் புத்தகத்தை மதிக்கிறேன். வாழ்க்கையில் செய்த தவறுகளை அச்சுக்காரர் பாஷையில் 'பிழைகள்' என்றே குறிக்கிறார். அண்ணனிடம் இருந்த ஒப்பந்தத்தை முறித்தது ஒரு பிழை. நம்பி ஒப்படைத்த பணத்தை எடுத்துச் செலவழித்தது இன்னொன்று. மணப்பதாக இருந்த பெண்ணை லண்டன் போய் மறந்தது மற்றொன்று.

சரி, அந்தப் பட்டியலில் இல்லாத பிழை எது? அவர் பத்திரிகையில் அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது. சிலவற்றில், விவரத்துக்கு அச்சகத்தாரைக் கேட்கவும் என்றும் இருந்தது. வீட்டிலும் அடிமைகளை வைத்திருந்தார். மெழுகுவத்திக்காரர் மகனின் முன்னேற்றத்தைக் கொண்டாடும் மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

வயதான காலத்தில் மாறினார். அடிமை ஒழிப்புச் சங்கத் தலைவராக, 1790 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போன மனுவில் கையெழுத்திட்டார். ஜார்ஜியா உறுப்பினர் ஜாக்சன் சபையில் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கினார். படுக்கையில் கிடந்த எண்பத்து நான்கு வயதுக் கிழவர் மார்ச்சில் திரும்பவும் புனைபெயரில் புகுந்தார். கிறிஸ்தவர்களை அடிமையாக வைத்திருப்பது எவ்வளவு நியாயம் என்று வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகரத்துக்காரர் ஒருவர் பேசுவதாகக் கற்பனை. வாதங்கள் எல்லாம் ஜாக்சனுடையவை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 17ல் இறந்துபோனார்.

இந்தக் கடைசிக் கட்டம் சுயசரிதையில் கிடையாது. அது 1757ல் லண்டன் போய்ச் சேர்ந்ததை ஒட்டி நின்றுவிடுகிறது. சுதந்திரப் பிரகடனம், பிரான்சில் தூதர் வேலை எதையும் உங்கள் மகன் அதில் தேடவேண்டாம். அவன் படித்து முடித்ததும் பேச்சாளருக்கும் இரவல் கொடுங்கள், அடுத்த கூட்டத்துக்கு முன்பாக.