வீட்டு நெட்வொர்க்கில் ஐபி எண்: கேள்வியும் பதிலும்

திருப்பூரிலிருந்து: ஏனுங்ணா, கரண்ட் போய் வந்தாலே பில் பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது. பிரிண்டர்லயே ஒரு ஐபியைப் போட்டு உட்ரலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. கரண்ட் போனா பல வீட்டு ரவுட்டருக்கு எந்தக் கருவிக்கு எந்த ஐபி எண் (நெட்வொர்க்கில அதோட முகவரி) கொடுத்தோம்கிற கணக்கே மறந்துரும். பிரிண்டருக்கு வேற எண் கொடுத்துட்டா, கம்ப்யூட்டர் பழைய எண்ணுலயே தேடிட்டு இருக்கும். நீங்க பிரிண்டர்ல 192.168.1.20ன்னு எழுதி வச்சாலும் அது ரவுட்டருக்குத் தெரியாது. பிரிண்டர் அணைஞ்சு கிடக்கறப்ப அதே 20ஐ ஒரு போனுக்குக் கொடுத்துட்டா, ரெண்டும் முட்டிக்கும். ரவுட்டர்லயே பதிவு பண்றதுதான் சரி.

பிரிண்டரோட நெட்வொர்க் விவரத் தாளை அச்செடுங்க. அதுல மேக் அட்ரஸ் (கருவிக்குத் தயாரிக்கறப்பவே கொடுக்கற அடையாள எண்), ரெண்டு ரெண்டு எழுத்தா ஆறு ஜோடி இருக்கும். கேபிளுக்கு ஒண்ணு, வைஃபைக்கு வேற ஒண்ணு. எதுல இணைச்சிருக்கீங்களோ அதை மட்டும் எடுங்க. பிரவுசர்ல ரவுட்டர் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1) போட்டு, டிஹெச்சிபி (ரவுட்டர் தானா எண் பங்கிட்டுக் கொடுக்கற வசதி) பக்கத்துல அட்ரஸ் ரிசர்வேஷன்ல அந்த மேக்கையும் வேண்டிய எண்ணையும் சேருங்க. சில ரவுட்டர் தன் பங்கீட்டு வரம்புக்குள்ள இருக்கற எண்ணை மட்டுந்தான் ஏத்துக்கும். பிரிண்டர்ல ஐபியை ஆட்டோமேட்டிக்லயே விட்டு ஒருக்கா அணைச்சுப் போடுங்க. கம்ப்யூட்டர்ல பிரிண்டர் போர்ட்டுலயும் (பிரிண்டர் அமைப்புல அதோட எண்ணைப் போடற இடம்) புது எண்ணை மாத்தோணும். இதை மறந்தா செஞ்ச வேலை அத்தனையும் வீண்.

கோபியிலிருந்து: பையன் போனுக்கும் அப்படித்தானுங்க பதிவு பண்ணுனேன். அந்த எண் நிக்கவே மாட்டேங்குது.

பதில்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன் தன் நிஜ மேக்கை மறைச்சு வேற ஒண்ணைக் காட்டும். உங்க வைஃபைக்கு மட்டும் அந்த ‘பிரைவேட்’ வசதியை அணைச்சுட்டு, நிஜ மேக்கைப் பதிவு பண்ணுங்க.

பொள்ளாச்சியிலிருந்து: தோப்பு வீட்டு கேமராப் பெட்டிக்கு நிலையான ஐபி கொடுத்து ரவுட்டர்ல போர்ட்டும் (வெளியிலிருந்து உள்ள வர்ற வழி) திறந்தாச்சு. கோயமுத்தூர்ல இருந்து தெரியலீங்க.

பதில்: ரவுட்டர்ல வேன் ஐபியை (WAN, இணையத்துப் பக்கம் ரவுட்டருக்கு இருக்கற எண்) பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்குதுன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள எதை நிலையாக்கினாலும் வெளியிலிருந்து வழி கிடைக்காது. இணைப்பு கொடுத்தவங்ககிட்ட நிலையான பொது ஐபி கேளுங்க. இல்லைன்னா பெட்டியோட சொந்தச் செயலியில பாருங்க.

பவானியிலிருந்து: மாடிக்கு ரெண்டாவது ரவுட்டர் போட்டதிலிருந்து சில போன்ல 192.168.0ன்னு எண் வருது, நெட் வரலீங்க.

பதில்: ரெண்டு ரவுட்டரும் எண் கொடுக்குதுங்க. மாடி ரவுட்டரைத் தனியா இணைச்சு, அதோட ஐபியை 192.168.1.2ன்னு மாத்தி, டிஹெச்சிபியை அணைங்க. கீழ இருந்து வர்ற கேபிளை வேன் துளையில குத்தாம லேன் துளையில (LAN, வீட்டுக் கருவிகளை இணைக்கற துளை) குத்துங்க. கீழ் ரவுட்டர்ல பங்கீட்டை 100ல ஆரம்பிச்சு வைங்க, அந்த 2ஐ வேற யாருக்கும் கொடுக்காது.