ஐந்து மாதம் நின்ற பழைய அம்பாசிடர் ஸ்டார்ட் ஆகவில்லை, வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

கேள்வியின் சுருக்கம்: கானாடுகாத்தான் வீட்டின் பின்கட்டில் நிற்கும் 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. கடைசியாக ஆடியில் ஓட்டியது. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்து பார்த்தால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த வண்டி சும்மா நின்றதில் கார்புரேட்டர் தேய்ந்துவிடாது. நின்றால் கெடுபவை பேட்டரி, பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான சுவிட்ச்), பெட்ரோல் இந்த மூன்றும்தான். நாலாவதாக எலி. காயிலிலிருந்து (பேட்டரி கரண்டை ஸ்பார்க்குக்கு ஏற்ற உயர் அழுத்தமாக்கும் பாகம்) வரும் வயர்களை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். ஏர் கிளீனருக்குள் அணில் தேங்காய் நார் வைத்திருக்கிறதா, சைலன்சர் குழாய் முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்துப் பூட்டிய வீடுகளில் இரண்டும் சகஜம்.

முதலில் செல்ஃபை அடித்துக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய் வடிந்து வறண்டிருக்கும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, துளைகளின் மேல் துணியைப் போட்டு, ஹேண்டிலால் நாலைந்து சுற்று சுற்றுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், சாவி ஆஃபில் இருக்கட்டும். ஹேண்டிலைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது கட்டைவிரலோ மணிக்கட்டோ முறியலாம்.

டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் ஏசி பம்பின் (டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப்) டயாபிரம் என்ற படலம் கிழிந்து, பெட்ரோல் சம்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது என்று அர்த்தம். பம்பையும் ஆயிலையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அடுத்து பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்ட பிறகுதான் மற்ற வேலை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், இன்ஜின் சுற்றினாலும் காயிலுக்கு வேண்டிய கரண்ட் மிஞ்சாது. செல்ஃபை ஒரு தடவைக்கு பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் அடிக்கையில் சோக் கேபிள் சூடேறினால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருக்கிறது. கரண்ட் போக வேறு வழியில்லாமல் கேபிள் வழியாகப் போகிறது.

இனி ஸ்பார்க். உங்கள் வண்டியில் கோளாறு இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் (நாலு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த வயரை உருவி, காய்ந்த துணியால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் இரும்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். பிளக் துளைகளிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்காதிருக்க, பிளக்குகளை மாட்டிவிட்டே இதைச் செய்யுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, 'சட் சட்' என்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள்.

மிளகு அளவில் இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு விலகும் இடம் அது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படியும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் கரண்ட் கடத்தாது. 400-ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்து நடுவே வைத்து நாலைந்து முறை இழுங்கள். பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளைக் கறை வராமல் போகும் வரை இழுங்கள். பலர் இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுகிறார்கள். உப்புத்தாளின் ஒரு துகள் உள்ளே நின்றாலும் பாயிண்ட் சேராது. இடைவெளி, முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஒரு வட்டத்தில் குழியும் மற்றதில் மேடும் பெரிதாக இருந்தால் கன்டென்சர் (பாயிண்ட் தீப்பொறியில் கருகாமல் காக்கும் சின்ன உருளை) போயிருக்கலாம். பாயிண்டும் கன்டென்சரும் சேர்த்தே மாற்றுங்கள்.

சந்தேகம் தீர ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் போதும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரின் முனையில் ஒரு கம்பி, பாடியில் ஒரு கம்பி. சாவி ஆனில் இன்ஜின் சுற்றும்போது விளக்கு மின்ன வேண்டும். எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் சேரவில்லை. எரியவே இல்லை என்றால், சாவியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் அடிக்கிறது.

பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர் சுற்றி இருக்கட்டும். வயர்களைக் கழற்றும் முன் சிலிண்டர் எண்ணை ஒட்டிவிடுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் வரும் வரிசை) 1-3-4-2.

ஸ்பார்க் நன்றாக வந்தும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் பெட்ரோலுக்கு வாருங்கள். டேங்க்கில் பெயின்ட், வார்னிஷ் போல வாடை வந்தால் முழுதும் இறக்கிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் டயாபிரத்தையும் உப்பவைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டுவிடுவது நல்லது. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால், விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் புளோட் அறையைத் திறங்கள். பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் நீடில் பிசினில் ஒட்டியிருக்கும், ஜெட்டும் (பெட்ரோல் பாயும் நுண்துளை) அடைத்திருக்கலாம். கம்பி விட்டுக் குத்தாமல் கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் அடித்தால் போதும்.

பிளக் கறுத்து நனைந்து வந்தால் ஓவர்ஃபுளோ, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி (பம்ப் பண்ணாமல்) ஏழெட்டு நொடி அடியுங்கள். ஸ்டார்ட் ஆகி சில நிமிடத்தில் நின்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

மறுபடி ஊருக்குக் கிளம்பும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லாதீர்கள். இன்ஜின் சூடேறாமல் ஆயிலில் தண்ணீர்தான் சேரும். ஓட்டத் தெரிந்தவர் என்றால் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டட்டும்.