வாசகர் கேள்வி: அல்பிக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: மகள் பிரான்ஸில் துலூஸ் நகரில் படிக்கிறாள், நானும் மனைவியும் பார்க்கப் போகிறோம். பக்கத்தில் அல்பி என்றொரு பழைய ஆற்றங்கரை ஊர் இருக்கிறதாமே, ஒரு நாள் ஒதுக்கலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: கட்டாயம் போங்கள், ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஊட்டி ஸ்டீபன் சர்ச்சைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்குள்ள செசில் பேராலயம் முதலில் கோட்டையாகத்தான் தெரியும். 1282-ல் தொடங்கி ஏறக்குறைய 200 ஆண்டுகள் கட்டியது, அத்தனையும் செங்கல். கத்தார் என்ற மாற்றுச் சமயத்தினரைப் போர் தொடுத்து ஒடுக்கிய பிறகு, திருச்சபையின் பலத்தை ஊருக்கே காட்ட எழுப்பிய சுவர்கள் அவை. உள்ளே நுழைந்தால் ஒரே வண்ணமயம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் முன்னால் அவசரமில்லாமல் நில்லுங்கள். அதன் நடுப்பகுதியைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள், நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது.

பக்கத்திலேயே பெர்பி அரண்மனை, பிஷப்புகள் வாழ்ந்தது. இப்போது அந்த ஊரில் பிறந்த ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் அருங்காட்சியகம். அப்புறம் தார்ன் ஆற்றின் பழைய பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்ச் சாயங்கால வெயிலில் ஊரைப் பாருங்கள், 2010-ல் யுனெஸ்கோ ஏன் பட்டியலில் சேர்த்தது என்று புரியும். சந்துகள் கல் பாவியவை, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.